இரண்டு கல்வெட்டுகள்

எங்கள் பக்கத்தில் 'கல்வெட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கல்லில் வெட்டியது. மற்றது, செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கப்படும் சிறு புத்தகம். இன்று அதற்கு நினைவு மலர் என்று பெயர். ஆனாலும் முள்ளியவளையில் வயதானவர்கள் "கல்வெட்டு அடிச்சாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். முன்பக்கத்தில் படம், அடுத்துத் திதி வெண்பா, தேவாரம், புலம்பல், பின்பக்கத்தில் வம்சாவளி. புலம்பலை எவரும் வாசிப்பதில்லை. வம்சாவளியை எல்லோரும் வாசிப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயர் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுவார்கள்.

சென்ற வருடம் என் மாமா காலமானார். அம்மாவின் மூத்த அண்ணர், வயது எண்பத்து நான்கு. செலவு முடிந்த மூன்றாம் நாளே மாமி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கல்வெட்டு நீதான் எழுதவேணும். உன்ரை மாமா உன்னைத்தான் எழுதச் சொன்னவர்," என்றார். அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து மாமாவின் இளைய மகன் தொலைபேசியில் வந்தான். "மச்சான், வம்சாவளியின்ரை முதல் வரியா பண்டாரவன்னியன் பரம்பரை எண்டு போட்டுவிடுங்கோ. பிள்ளையளுக்கு நான் அதைச் சொல்லித்தான் வளர்க்கிறன்." ஓம் என்றேன். நாங்கள் வன்னியனின் வழி என்பது நானும் கேட்டு வளர்ந்த கதைதான். பேனையை எடுத்து அந்த முதல் வரியை எழுதப் போனபோதுதான், வரிக்கும் மாமாவுக்கும் இடையில் நிரப்ப வேண்டிய பெயர்கள் எத்தனை என்பது உறைத்தது. கையில் இருபத்தெட்டு நாள் இருந்தது.

நேயர்களே, மற்றக் கல்வெட்டைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடு என்றொரு கிராமம். அங்கே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு நடுகல் இருந்தது. சிறுவனாய் இருந்தபோது மாமாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு அதைப் பார்க்கப் போனேன். பெரிய கல் அல்ல. தலைவர்களின் சிலைக்கு இருக்கும் எடுப்பு எதுவும் அதற்கு இல்லை. கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனை இங்கே தோற்கடித்தான் என்பது செய்தி. இங்கே என்று நான் சொன்னது சரியான மொழிபெயர்ப்பு அல்ல. கல்லில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'இவ்விடத்துக்கு அண்மையில் எங்கோ' என்றுதான் பொருள். மாமா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "வெண்டவனுக்கே எந்த இடமெண்டு தெரியேல்லைப் பார்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது விளங்கவில்லை.

1803 எப்படிப்பட்ட வருடம் என்று சொன்னால்தான் அந்தக் கல்லின் பெறுமதி தெரியும். ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் பிடித்தது 1795இலும் 1796இலும். தேசாதிபதி நோர்த் காலத்தில், 1803 பெப்ரவரியில், அவர்கள் கண்டி நகருக்குள்ளும் புகுந்தார்கள். உள்ளே போன படையைக் காய்ச்சல் தின்றது. ஜூன் 24இல் மேஜர் டேவி சரணடைந்தான், அவனுடைய படை அழிந்தது. ஆங்கிலேயன் வெல்ல முடியாதவன் அல்லன் என்ற செய்தி காடுகளைத் தாண்டி நாலா பக்கமும் போயிற்று. கண்டியரின் துணையோடு வன்னியில் எழுந்தவன்தான் பண்டாரவன்னியன். ஆகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் இருப்பிடம் அவன் வசமாயிற்று. காவற்படை கடல்வழியாகத் தப்பியது. அவனுடைய ஆட்கள் ஆனையிறவு வரைக்கும் போனார்கள். யாழ்ப்பாணத்துக் கந்தோர்களில் அந்த வாரங்களில் எவரும் நிம்மதியாய் உறங்கியிருக்க மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, விடியற்புறத்தில் நடந்த திடீர்த் தாக்குதலோடு அந்த எழுச்சி கற்சிலைமடுவில் உடைந்தது.

அவனுக்கு என்ன நடந்தது? நாடகத்தில் அவன் கற்சிலைமடுவிலேயே வீழ்கிறான், காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன். முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகத்தைப் பார்த்தும் படித்தும் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. காக்கை வன்னியனாக நடித்த பெடியனுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கல்லெறி விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி 1991இல் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்று நாவலே எழுதினார். இன்னொரு மரபு, அவன் தப்பிப் போனான், சில வருடங்கள் காடுகளிலிருந்து மீண்டும் மீண்டும் தலையெடுத்தான், 1811 அளவில் உடையார்கட்டுப் பக்கத்தில் காயப்பட்டுப் பனங்காமத்தில் இறந்தான் என்று சொல்கிறது. நடுகல்லில் 'தோற்கடித்தான்' என்றுதான் இருந்தது, 'கொன்றான்' என்று இல்லை. வெற்றிக்குக் கல் நட்டவர்கள், எதிரி செத்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார்களா? நான் இரண்டாவது மரபின் பக்கம் சாய்கிறவன். மாமாவோ கடைசிவரை முதல் மரபின் பக்கம். "போர்க்களத்திலை சாகாதவன் என்ன வீரன்?" என்பார். 2009இற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் பேசவில்லை.

பெயரே முதல் இடைஞ்சல். பண்டாரவன்னியன் என்பது தாய் தகப்பன் இட்ட பெயர் அல்ல. 'பண்டார' என்பது கண்டி இராச்சியத்தில் உயர்குடியினருக்கு வழங்கிய சிறப்பு. 'வன்னியன்' என்பது பதவி. குலசேகரம் வைரமுத்து என்று மக்கள் வழக்கில் ஒரு பெயர் உண்டு. ஆனால் வம்சாவளி எழுதுகிறவனுக்கு வேண்டியது இன்னாரின் மகன், இன்னாளின் புருஷன், இன்னின்னாரின் தகப்பன் என்ற சங்கிலி. ஒரு பதவிப் பெயரிலிருந்து அந்தச் சங்கிலியைத் தொடங்குவது, 'விதானையார்' என்ற ஒரு சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊரில் ஆளைத் தேடுவது போன்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வென்றவனுடைய வம்சாவளியைத் தேடுவது சுலபம். டிறிபேர்க் என்பது ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த ஜேர்மனிய வழிக் குடும்பம். கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908இல் தொடங்கியது. அதன் சஞ்சிகை பறங்கிக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வந்தது. இன்ன தேவாலயத்தில் ஞானஸ்நானம், இன்ன திகதியில் விவாகம் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு தாள் சாட்சி நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளித் தோட்டங்களையும் விவசாயத்தையும் பரப்பியவர்களில் ஒருவரான சி. டிறிபேர்க்கும் அந்தப் பெயரைத் தாங்கியவர்தான். கொழும்பு நூலகத்தில் அந்தச் சஞ்சிகையின் கட்டுகளைப் புரட்டியபோது எனக்குப் பொறாமை வந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் வந்தது.

எங்களை எழுதியவர்கள் யார்? ஒல்லாந்தர் எழுதினார்கள். யாழ்ப்பாணத்தின் கொம்மாந்தராக இருந்த ஸ்வார்டகுறோன் 1697இல் தனக்குப் பின் வருகிறவர்களுக்காக எழுதி வைத்த குறிப்பில் வன்னியர்கள் வருகிறார்கள். தொன் பிலிப் நல்லமாப்பாணன், தொன் தியோகு புவிநல்லமாப்பாணன் என்ற பெயர்கள் வருகின்றன. முன்னே போர்த்துக்கேயம், பின்னே தமிழ். ஆனால் ஒல்லாந்தனுக்கு அவர்களிடம் வேண்டியது பெயர் அல்ல, யானை. வன்னிமைகள் வருடம் ஒன்றுக்குத் திறையாகக் கொடுக்க வேண்டியது 42½ யானை என்று கணக்கு. அரை யானையை எவர் எந்தத் தராசில் நிறுத்தாரோ! வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவில் கடல்நீரேரியைக் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கே கப்பலேறிக் கோல்கொண்டாவுக்கும் வங்காளத்துக்கும் போயின. யானை பிடித்தவன், யானையை நடத்திப்போனவன், மிதிபட்டுச் செத்தவன் எவனுடைய பெயரும் அந்தக் குறிப்பில் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒல்லாந்தரின் தோம்பு இருக்கிறது. காணி, பரப்பு, ஆட்பெயர் எல்லாம் பதிவாகியிருக்கும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் வளவின் பெயரைக் கொண்டே 18ஆம் நூற்றாண்டு வரை போய்வந்தார். எங்களுடைய நிலத்துக்குப் பழைய பெயர் அடங்காப்பற்று. எவருக்கும் அடங்காத நிலத்தில் வீட்டுக்கு வீடு போய்க் கணக்கெடுக்க எவரும் வரவில்லை. இதை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லி வந்தோம்.

அடங்காத நிலை ஒல்லாந்தரின் கடைசிக் காலத்தில் முடிந்தது. 1784இல் லெப்டினன் தோமஸ் நாகல் வன்னியை நேரே ஆள வந்தான். 1793இல் வன்னியின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கையும் எழுதினான். வன்னியர்களில் கடைசிவரை எதிர்த்து நின்றவர்களுள் ஒரு பெண் இருந்தாள். ஆங்கில நூல்கள் அவளை வன்னிச்சி மரியா செம்பாத்தே என்கின்றன. அவளைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அந்தப் பெயரை முதன்முதல் ஆங்கில எழுத்தில் கண்டபோது அது எந்த மொழிப் பெயர் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். செம்பாத்தை! சின்னாத்தை, வள்ளியாத்தை என்று எங்கள் பழம் பெண்களுக்கு இருந்த பெயர்களின் வரிசை அல்லவா அது? அரண்மனைப் பெயர் என்று நினைத்தது அடுப்படிப் பெயராய் இருந்தது. அந்தப் பெயரிடம் இனித் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயரில் வன்னியை ஊன்றிப் பார்த்தவர் ஜே. பி. லூயிஸ். வவுனியாவில் உதவி ஏஜெண்டாக இருந்தவர். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய அவருடைய கைந்நூல் வந்தது. சரித்திரம், வழக்கங்கள், வயல், குளம், நோய் எல்லாம் அதில் உண்டு. இலங்கையிலுள்ள கல்லறைகளிலும் நினைவுக்கற்களிலும் இருந்த எழுத்துகளைத் திரட்டி 1913இல் இன்னொரு பெரிய நூலையும் அவர் வெளியிட்டார். வன்னியைப் பற்றி எழுத வருகிறவர்கள் லூயிசைத் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே அவரிடமிருந்து எடுப்பார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அந்தக் கைந்நூலைப் படித்தபோது, தேடி வந்ததை விட்டுவிட்டு வேறொன்றில் போய் நின்றேன். அது வன்னியின் வெறுமை.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் வன்னி செத்துக்கொண்டிருந்தது. இப்படிச் சொல்வது மிகையல்ல. குளங்கள் உடைந்து கிடந்தன. காய்ச்சல் ஒரு பக்கம், 'பறங்கி' என்று சனங்கள் சொன்ன புண்நோய் மறுபக்கம். உடம்பெல்லாம் புண்ணாகி, எலும்பு வரை போய், மூக்கும் முகமும் சிதைந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் 1868 அளவில் வன்னிக்குள் போய்ப் பார்த்து எழுதினார். அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் கின்சி 1881இல் அந்த நோயைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். ஆள் இல்லாமற்போன ஊர்களின் பெயர்கள் குளங்களுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துதான் பல கிராமங்கள் மறுபடி கிராமங்களாயின. 20ஆம் நூற்றாண்டில் இரணைமடுவைக் கட்டியபோது கிளிநொச்சிக்கு வந்தவர்கள், குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்கள், மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்தவர்கள் என்று அந்த வரவு நிற்கவேயில்லை. என் தகப்பன் வழியும் தீபகற்பத்திலிருந்து வந்த வழிதான். ஆகவே ரொறன்ரோ மச்சானுக்கு விடை சொல்வதற்கு முன் எனக்கு நானே கேட்க வேண்டிய கேள்வி வேறாயிற்று. பண்டாரவன்னியன் வழியா என்பதை விடுங்கள். 1803இல் எங்களுடைய ஆட்கள் வன்னியில் இருந்தார்களா?

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. அம்மம்மாவின் தகரப் பெட்டி.

பச்சை நிறப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் லட்சுமி படம் ஒட்டியிருக்கும். வேட்டியொன்றில் சுற்றிய காணி உறுதிகள், பூச்சிக்கு வேப்பமிலை. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எந்த உறுதி எந்தக் காணிக்குரியது என்பதைக் கடதாசியின் கிழிசலை வைத்தே சொல்லுவார். 1984இல் ஒருநாள், நான் பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் சும்மா இருந்த காலம், என்னைக் கூப்பிட்டு, "மோனை, உந்தப் பழசு ரெண்டும் பொடியாப் போகப்போகுது. நல்ல கொப்பியிலை பாத்தெழுது," என்றார். சோம்பலோடுதான் எழுதினேன். இருபது சத மை, நொத்தாரிசுமாரின் வளைந்த எழுத்து, புரியாத சொற்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தேத்தண்ணி என்று பேரம் பேசி எழுதினேன்.

பெட்டி இன்று இல்லை. முள்ளியவளையை விட்டு 2008 கடைசியில் எல்லோரும் வெளிக்கிட்டபோது மாமா அதைத் தூக்கிக்கொண்டு போனார். விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய், ஒரு கட்டத்தில் தூக்க முடியாமல் ஒரு வளவில் கிடங்கு வெட்டித் தாட்டார். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளிவந்து, ஊருக்குப் போக விட்ட பிறகு, அந்த வளவைத் தேடிப் போனார். வேலி இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, அடையாளம் வைத்த பனை இல்லை. மூன்று இடத்தில் தோண்டினார். "உதிலைதான் எங்கையோ," என்று மட்டும் சொன்னார். கொப்பி என்னோடு கொழும்பில் இருந்தபடியால் தப்பியது. கற்சிலைமடுக் கல் உடைந்து கிடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதியதும் அந்த நாட்களில்தான், 2010இல். அதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

கொப்பியில் இருந்த இரண்டு உறுதிகளில் பழையது 1879ஆம் ஆண்டுச் சீதன உறுதி. இங்கே தேசவழமையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த அந்த வழக்காற்றின்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும். அதனால் எங்கள் பெண்களின் வழி கடதாசியில் ஏறியது. ஆண் வழியைத் தேடுகிறவன் படும் பாடு பெரியது. பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைக்கும் வழக்கத்தால் கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், கந்தர் மகன் வேலர் என்று அவன் ஒரே இரண்டு பெயரைச் சுற்றிச் செக்கிழுப்பான். நூறு வருட இடைவெளியில் இருக்கும் இரண்டு வேலர்களை எந்த ஏஜெண்டும் பிரித்தறிய மாட்டான். சீதன உறுதியிலோ, இந்தக் காணி எனக்கு இன்னாரிடமிருந்து இன்னபடி வந்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் கொப்பியை மறுபடி எடுத்தேன்.

1879இல் சீதனம் வாங்கியவள் எங்கள் கொப்பாட்டி. கொடுத்தவள் அவளின் தாய். அவளுக்கு அந்த வயல் எப்படி வந்தது? 'என் காலஞ்சென்ற தாயாரின் சீதனமாகவும் நெடுங்கால ஆட்சியாலும் எனக்குப் பாத்தியமான' என்று உறுதி சொல்கிறது. அந்தக் காலஞ்சென்ற தாயாரின் பெயரும் அதில் இருக்கிறது. ஆத்தை என்று முடியும் பெயர். கொழும்புச் சிறையில் இருந்த வன்னிச்சியின் பெயர்தான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நேயர்களே. மனத்துக்குள் ஒரு முழு நாவல் எழுதிவிட்டேன். வன்னிச்சியின் பேர்த்தி, பெயர் காக்க வைத்த பெயர், பண்டாரவன்னியனின் மகளாகவோ மருமகளாகவோ இருக்க வேண்டும் என்று ஓடியது. விடிந்ததும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1879இல் மகளுக்குச் சீதனம் கொடுத்தவள் 1840 அளவில் பிறந்திருக்கலாம். அவள் தாய் 1815, 1820 அளவில். 1803இல் அவள் பிறக்கவில்லை. அவளுடைய தகப்பனோ பாட்டனோதான் பண்டாரவன்னியனின் காலத்தவன். அந்த ஒரேயொரு ஆளைப் பற்றி உறுதியில் ஒரு சொல் இல்லை. 'நெடுங்கால ஆட்சி' என்ற இரண்டு சொல்லோடு கதவு மூடிவிடுகிறது. செம்பாத்தை என்ற பெயரோ அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேருக்கு இருந்திருக்கும். வன்னிச்சிக்கு அந்தப் பெயர் இருந்ததே அதற்குச் சாட்சி. எங்கள் செம்பாத்தை அவளுடைய இரத்தமாகவும் இருக்கலாம், அவளுடைய வயலில் சூடு மிதித்தவனின் மகளாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒன்று உறுதியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், பறங்கிப் புண்ணும் காய்ச்சலும் ஊர்களைக் காலியாக்கிக்கொண்டிருந்தபோது, எங்களுடைய ஒரு பெண் அந்தக் குளத்துக்குக் கீழே ஒரு வயலை விடாமல் வைத்திருந்தாள். லூசும் கின்சியும் கண்டு எழுதிய காலத்தில் அவள் மகள் அங்கேதான் இருந்தாள். விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போயிருக்கலாம், போகவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் மாமியிடம் சொன்னேன். மாமி உரலடியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உதுக்கேன் கொழும்புக்குப் போனனீ? பாக்குத்தெண்டலைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பினமே," என்றார்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். வைகாசியில் நடப்பது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். அந்தப் பொங்கலின் தொடக்கக் காரியங்களில் ஒன்று பாக்குத்தெண்டல். தீர்த்தம் எடுப்பது, பண்டம் கொண்டுபோவது, இன்ன சாமான் கொடுப்பது என்று ஒவ்வொரு தொண்டும் ஒவ்வொரு வழியாருக்கு உரிமை. உரிமை என்றால் சண்டை, சண்டை என்றால் ஞாபகம். தங்கள் தொண்டு எந்தப் பாட்டனிலிருந்து வருகிறது என்பதை அந்தக் குடும்பங்கள் பல தலைமுறைக்குச் சொல்லும், பிழையாகச் சொன்னால் மறுத்துச் சொல்ல மற்றக் குடும்பம் இருக்கும். தோம்பு இல்லாத ஊரில் கோயில்தான் தோம்பு. சரித்திரம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

எங்களுக்கு அப்படிப் பெரிய தொண்டு எதுவும் கிடையாது. பொங்கலுக்கு ஒரு சிறு பங்கு நெல் கொடுக்கும் வழமை மட்டும் உண்டு. மாமா கடைசி வருடம் வரை கொடுத்தார். முகாமில் இருந்த வருடம் மட்டும் கொடுக்கவில்லை என்று நெடுங்காலம் புறுபுறுத்தார். அந்த நெல் எந்த வயலின் நெல் என்று மாமியிடம் கேட்டேன். 1879 உறுதியில் இருக்கும் அதே வயலின் பெயரைச் சொன்னார். யார் தொடக்கினது என்று கேட்டேன். "ஆர் கண்டது? ஒரு ஆச்சிக்குப் பிள்ளையளுக்கு மேலெல்லாம் புண்ணாம். அம்மாளுக்கு நேர்ந்து வைச்சவவாம். வயல் இருக்குமட்டும் குடுக்கவேணுமெண்டு சொல்லி வைச்சவை."

ஆச்சியின் பெயர் மாமிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் சொல்லவில்லை. அதையும் நிறுவ முடியாது.

ரொறன்ரோவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மச்சான் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கொஞ்சம் கோபமாகவே கேட்டான். "அப்ப நாங்கள் ஆர்? அப்பா சொன்னது பொய்யே?" பொய் என்று நான் சொல்லவில்லை, மெய்யென்று எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்றேன். "இஞ்சை ஒவ்வொருத்தரும் சங்கிலி மன்னன், எல்லாளன் எண்டு அடிக்கினம், நீங்கள் ஒரு வரிக்குப் பஞ்சப்படுறியள்," என்றான். அவனுடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பனிக்குள் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஊரைக் காட்ட அவனிடம் இருப்பது அந்த ஒரு பெயர்தான். வயலைக் காட்ட முடியுமா, பெட்டியைக் காட்ட முடியுமா? ஆனாலும் மாமாவின் பெயருக்கு மேலே நான் நம்பாத ஒரு வரியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்வெட்டு இருபத்தொன்பதாம் நாள் அச்சகத்துக்குப் போயிற்று. வம்சாவளியின் உச்சியில் ஆண்பெயர் இல்லை. செம்பாத்தை என்று ஒரு பெயர், அதற்குக் கீழே 1879ஆம் ஆண்டு உறுதியில் கண்டபடி என்று ஒரு சிறு வரி, பிறகு மகள், மகளின் மகள், பூட்டி, அம்மம்மா, மாமாவும் சகோதரங்களும். அதற்கு முந்தியவர்கள் பண்டாரவன்னியன் காலத்தில் இந்த மண்ணில் இருந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள் என்று எழுதினேன். 'சொல்லுவார்கள்' என்ற சொல்லை மூன்று தரம் வெட்டி மூன்று தரம் திரும்ப எழுதினேன்.

அந்தியேட்டிக்கு வந்த சனம் வழக்கம்போல வம்சாவளிப் பக்கத்தைப் பிரித்தது. உச்சியில் பெண் பெயரைக் கண்டு ஒருவர் இருவர் முகத்தைச் சுளித்தார்கள். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு மாமி கல்வெட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி," என்றார். "வைகாசிக்கு நெல்லை இனி ஆர் குடுக்கிறது எண்டும் ஒரு வரி போட்டிருக்கலாம்."

அது போடவில்லை. இந்த வருடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.